அப்பா கால் புண்ணுக்கு மின்காந்த சிகிச்சை பாக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 15 வருஷமா சுகர், பெருவிரலுக்கு கீழ ஒரு ரூபா காசு அளவு புண்ணு, ரெண்டு மாசமா கட்டு போட்டும் ஆறல, வலியே தெரியலங்கறாரு அதான் பயமா இருக்கு. ஒரு பிசியோ கிளினிக்ல மின்காந்த மெஷின் 20 தடவ வெச்சா ஆறிடும்னு சொல்றாங்க, போலாமா?

பதில் 1: கம்பிச் சுருள்ல (காயில்) கரண்ட் விட்டு விட்டு பாய்ச்சி காந்தப்புலம் உண்டாக்குறதுதான் அது. ஒட்டாத எலும்புக்கு அமெரிக்காவுல 1979லயே அனுமதி குடுத்தாங்க. சுகர் புண்ணுக்கு ஆதாரம் பத்தல, 2019ல வந்த சர்வதேச வழிகாட்டுதலும் வழக்கமான சிகிச்சைய விட்டுட்டு இத எடுக்காதீங்கன்னுதான் சொல்லுது. பேஸ்மேக்கர் இருந்தா கிட்டவே போகாதீங்க.

பதில் 2: எங்கம்மாவுக்கும் இதே எடத்துல வந்துச்சுங்க, மூணு மாசம் மருந்த மாத்தி மாத்தி போட்டோம், கடைசியில அந்த எடத்துல பாரம் படாம முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டப்பறம்தான் ஓரத்துல புதுத்தோல் ரோஸ் கலர்ல ஏறுச்சு. இப்ப எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்க காலுக்குன்னு வர்ற மெத்துன்னு ரப்பர் செருப்பு), வீட்டுக்குள்ளயும் கழட்ட விடமாட்டேன். மொதல்ல காலுக்கு ரத்த ஓட்டம் எப்படின்னு டாப்ளர் பாருங்க, எலும்புல சீழ் இருக்கான்னு எக்ஸ்ரே எடுங்க.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, அப்பா வீட்டுல வெறுங்காலோடதான் நடக்கறாரு. நாளைக்கே சுகர் டாக்டர்ட்ட கூட்டிட்டு போறேன்.