ஹார்வர்டை வீழ்த்திய சென்டர் கல்லூரி, 1921: அதிர்ஷ்டமா, ஆட்டமா?

உட்லண்ட்ஸ்வாசி:
தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு படத்தைக் காட்டினாள். அமெரிக்காவில் ஏதோ பழைய கட்டடம், சுவரில் பெயின்டில் சி6எச்0 என்று எழுதியிருக்கிறது. "இப்படி ஒரு மூலக்கூறே இருக்க முடியாதுப்பா" என்றாள். தேடிப் பார்த்தால் அது மேட்ச் ஸ்கோராம். கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் இருக்கும் சென்டர் கல்லூரி 6, ஹார்வர்டு 0. அமெரிக்கக் காற்பந்து, 29 அக்டோபர் 1921. அந்தக் கல்லூரியில் அப்போது மொத்த மாணவர்களே 300 பேர்கூட இல்லை, இங்கே சிங்கப்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பு நிலையில் கிட்டத்தட்ட அவ்வளவு பேர் இருப்பார்கள். ஹார்வர்டோ 1919, 1920 இரண்டு பருவமும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈபிஎல்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு நாள் கூத்தா, இல்லை அந்தப் பையன்களிடம் நிஜமாகவே சரக்கு இருந்ததா?

கோப்பி_ஓ:
என்னைக் கேட்டால் பாதி அதிர்ஷ்டம். ஹார்வர்டு முந்தின வாரம்தான் பென் ஸ்டேட்டோடு முட்டி மோதி 21-21 என்று சமன் செய்திருந்தது, அடுத்த வாரம் பிரின்ஸ்டன். நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சின்னக் கல்லூரியைக் கூப்பிட்டு வைத்தார்கள், அது கடித்துவிட்டது. மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு டச்டவுன் (பந்தோடு எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டுவது, 6 புள்ளி).

பழைய_பந்து:
கோப்பி_ஓ, ஹார்வர்டு களைத்திருந்தது உண்மைதான், ஆனால் முந்தின வருஷத்தைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். 1920இல் இதே சென்டர் ஹார்வர்டு மைதானத்துக்கு வந்து பாதி ஆட்டம் வரை 14-14 என்று நின்று, அப்புறம்தான் 31-14 என்று விழுந்தது. அதற்கும் முன்னால், 1919இல், ஒரு ஆட்டமும் தோற்காமல் வெஸ்ட் வர்ஜீனியாவையே 14-6 என்று வென்றிருந்தார்கள். அந்த வருஷம் வால்டர் கேம்ப் என்ற புகழ்பெற்ற காற்பந்து வல்லுநர் தேர்ந்தெடுத்த நாட்டின் முதல் பதினொருவரில் இரண்டு பேர் இந்தக் கல்லூரிப் பையன்கள்: குவாட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை நடத்துபவராக ஆடிய போ மக்மில்லின், முன்வரிசை நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் இடத்தில் ஆடிய ரெட் வீவர். ஆக 1921இல் வந்தது யாருக்கும் தெரியாத அணி இல்லை, கணக்குத் தீர்க்க வந்த அணி.

அந்த டச்டவுனையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கால்பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஹார்வர்டு எல்லைக்கு 32 யார்டு தூரத்தில் மக்மில்லினிடம் பந்து. ஓரக்கோட்டை நோக்கி ஓடுகிறார், தடுக்கும் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கமே சாய்கிறார்கள், சட்டென்று உள்ளே திரும்பிவிட்டார். அவ்வளவுதான். கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. போயிருந்தால் 7-0, சுவரில் எழுத இந்த வேடிக்கையே கிடைத்திருக்காது. 40,000 பேருக்கு மேல் பார்த்த ஆட்டம்.

சின்னக் கல்லூரியால் எப்படி முடிந்தது என்றால், ஆட்ட விதிமுறைதான் பெரிய காரணம் என்பேன். அப்போது தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் அதே பதினோரு பேர்தான். மாற்று ஆட்டக்காரர்களை நினைத்தபடி இறக்கி ஏற்ற முடியாது. இப்போதுபோல் தாக்குதலுக்கு ஒரு அணி, தற்காப்புக்கு ஒரு அணி, உதைக்க மட்டும் ஒருவர் என்ற கதையெல்லாம் இல்லை. நல்ல ஆட்கள் பதினைந்து பேர் கிடைத்தால் எந்தக் கல்லூரியும் யாரோடும் மோதலாம்.

கோப்பி_ஓ:
சரி, அந்தப் பதினைந்து பேர் டான்வில்லில் முளைத்தவர்களா? மக்மில்லினும் வீவரும் டெக்சஸ் பையன்கள், ஃபோர்ட் வர்த் நகரில் நார்த் சைட் பள்ளியில் ஆடியவர்கள். அங்கே பயிற்சி கொடுத்த மயர்ஸ் சென்டரில் படித்தவர், தன் கல்லூரிக்கே பயிற்சியாளராக வந்ததும் தன் பழைய மாணவர்களையும் வரவழைத்துக்கொண்டார். சேர்க்கைக்குத் தகுதி போதாமல் இருவரும் முதலில் கென்டக்கியில் சாமர்செட் பள்ளியில் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். "குக்கிராமத்துக் கல்லூரியின் அதிசயம்" என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பழைய_பந்து:
ஒத்துக்கொள்கிறேன், அதிசயம் என்ற சொல் எனக்கும் பிடிக்காது. ஆனால் அதில் மயர்ஸின் பெருமையும் இருக்கிறது பாருங்கள். இந்தப் பையன்கள் தன் கைக்கு மேலே போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் சார்லி மோரன் என்பவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்து, தான் ஒதுங்கி நின்றார். மோரன் கோடையில் நேஷனல் லீக் பேஸ்பால் நடுவர், குளிர்காலம் நெருங்கினால் காற்பந்துப் பயிற்சியாளர். எத்தனை பேர் அப்படித் தன் நாற்காலியை விட்டுக்கொடுப்பார்கள்?

கல்லாங்_அலை:
அதே 1921இல்தான் இங்கே மலாயா கிண்ணம் தொடங்கியது, முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. நம் ஆட்கள் அதைப் பற்றி இவ்வளவு சண்டை போட்டுப் பார்த்ததில்லை :)

உட்லண்ட்ஸ்வாசி அண்ணே, அந்தப் பருவத்தில் எனக்குப் பிடித்தது ஹார்வர்டு ஆட்டம் இல்லை, கடைசி ஆட்டம். டிசம்பர் 26 அன்று சான் டியகோவில் அரிசோனாவை 38-0 என்று அடித்துவிட்டு, ஜனவரி 2, 1922 அன்று டல்லஸில் டெக்சஸ் ஏ அண்டு எம் என்ற பெரிய கல்லூரி அணியோடு ஆடினார்கள். அன்று காலையில்தான் மக்மில்லினுக்குக் கல்யாணம்! தாலி கட்டின கையோடு மைதானம், என்ன அவசரமோ. ஏ அண்டு எம் அணியில் வரிசையாக அடிபட்டு மாற்று ஆட்களே தீர்ந்துபோகிற நிலை. பத்திரிகையாளர் பகுதியில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்த கிங் கில் என்ற மாணவரைக் கீழே கூப்பிட்டு, சீருடையை மாட்டி ஓரத்தில் நிற்க வைத்தார்கள். கடைசி வரை அவர் இறங்கவே தேவைப்படவில்லை. ஏ அண்டு எம் 22, சென்டர் 14. ஏ அண்டு எம் மாணவர்கள் இன்றும் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்ப்பது, "பன்னிரண்டாவது ஆள்" என்று பெருமையடிப்பது, எல்லாம் அன்று தொடங்கியது. பழைய_பந்து சொன்ன விதிமுறை இங்கே மறுபக்கம் கடித்தது, ஆள் குறைந்தால் பெரிய கல்லூரியும் தவித்துத்தான் போகும்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி, ஒரு கேள்விக்கு இவ்வளவா! அப்போ பருவம் முழுக்க அந்த ஒரு தோல்விதானா?

பழைய_பந்து:
ஆமாம், பத்து வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒன்றும் யாரிடம் என்று பாருங்கள்: மோரன் 1909 முதல் 1914 வரை ஏ அண்டு எம்மில்தான் பயிற்சியாளராக இருந்தார்.