பாலக்காட்டுக் கணவாயும் கொங்கு நாட்டு ரோமக் காசும்: வழி மட்டும் போதுமா?

கேள்வி – கொழிஞ்சாம்பாறை
வெள்ளலூரிலும் கரூரிலும் ரோமக் காசு குவியலாகக் கிடைத்ததற்குப் பாலக்காட்டுக் கணவாய்தான் காரணம் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே இருக்கும் அந்த இடைவெளி கேரளத்தையும் கொங்கு நாட்டையும் இணைக்கிறது. வழி இருந்தால் பணம் வந்துவிடுமா? மிளகு விளைவதோ மலைக்கு மேற்கே. கிழக்கே இருந்தவர்களிடம் வாங்க என்ன இருந்தது? மழை, மண் கணக்கோடு யாராவது விளக்குங்களேன்.

பதில் – இடவப்பாதி
மிளகை முதலில் பார்த்துவிடலாம். கொடி பூப்பதே இடவப்பாதி மழையில்தான், அதாவது கேரளத்தின் தென்மேற்குப் பருவமழையில். பூத்தபின் மழை விட்டு வெயில் காய்ந்தால் பூச்சரம் உதிரும். ஆண்டுக்கு 2000 மி.மீ. அளவு மழை வேண்டும். கோவையில் 600–700தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அதனால் எல்லையில் இருக்கும் வாளையாற்றைத் தாண்டிக் கிழக்கே வந்தால் மானாவாரி மிளகு கிடையாது.

கொடியைப் பூக்கவைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் கப்பலையும் கொண்டுவந்தது. கோடை நடுவில் எகிப்திலிருந்து புறப்பட்டு, மார்கழி அல்லது தைத் தொடக்கத்தில் திரும்பினார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. அறுவடை கார்த்திகையில் தொடங்கி மாசி வரை போகும். எனவே புதுச்சரக்கு மட்டும் கப்பலை நிரப்பியிருக்காது, போன வருட இருப்பும் ஏறியிருக்க வேண்டும். பச்சை மிளகு காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் நின்றால் மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும். ஆகவே கேரளக் கரையில் இருந்த சேரர் துறைமுகமான முசிறிக்குப் பக்கத்தில் காயப்போடும் களமும் கிடங்கும் இல்லாமல் இந்த வியாபாரம் நடந்திருக்காது.

பதில் – நொய்யல்கரை
கிழக்கே இருந்தது கல்லுங்க. காங்கேயம் பக்கம் படியூரில் பெரில் எனும் பச்சைக்கல், சிவன்மலையில் நீலக்கல். இரண்டும் நொய்யல் வடகரையில் இருக்கும் கொடுமணலுக்குப் பக்கம். உடைத்தது, தேய்த்தது, பாதி துளைத்தது என்று எல்லா நிலையிலும் மணிகள் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் பச்சைக்கல் 7.5 முதல் 8. அதைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொடி வேண்டும். நீலக்கல் குருந்தக்கல் இனம், கடினம் 9. தேய்க்கும் பொருளும் உள்ளூரிலேயே அமைந்தது இந்த ஊரின் பெரிய அதிர்ஷ்டம். துளையை ஒரே பக்கத்திலிருந்து போட்டால் மறுமுனை சில்லாகப் பெயரும். இரு பக்கமும் துளைத்து நடுவில் சேர்க்க வேண்டும், கோணம் தவறினால் மணி வீண்.

பாரம் சுமக்கும் ஒரு மாட்டுக்கு நூறு கிலோ பக்கம்தான். அதில் மிளகு ஏற்றி மலை கடத்தினால் கூலி விலையைத் தின்றுவிடும். மணிகளோ ஒரு பையில் அடங்கும். முசிறியில் கப்பலேறும் சரக்குகளைச் சொல்லும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பிலும் மிளகோடு ஒளி ஊடுருவும் கற்கள் வருகின்றன. பருத்தித் துணி அந்தப் பட்டியலில் இல்லை.

பதில் – பேரூர் வாசகன்
நொய்யல்கரை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கணவாய்க்கு அளவுக்கு மீறிப் பெருமை தர வேண்டாம். ஏறத்தாழ 30 கி.மீ. அகலம், 300 மீட்டருக்கு மேல் ஏற்றமில்லாத வழி என்பது உண்மை. ஆனால் அது மனிதன் வருமுன்பே அங்கே இருந்தது. ரோமக் காசு குவிவது கி.மு. 30இல் எகிப்து ரோமர் கைக்குப் போன பிறகுதான். இங்கே கிடைத்தவற்றில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக்காசுகளே அதிகம். கி.பி. 64இல் பேரரசன் நீரோ காசில் வெள்ளியின் அளவைக் குறைத்தான், அதன்பின் அடித்த வெள்ளிக்காசு இந்தப் பக்கம் அரிது. வாங்கியவர்கள் காசை அதில் பொறித்த முகத்துக்காக அல்ல, வெள்ளிக்காகவே வாங்கினார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொன்று: நொய்யலைப் படகு வழியாகக் கற்பனை செய்யாதீர்கள். மழை விட்டால் மணல்தான். பேரூர், வெள்ளலூர், கொடுமணல் எல்லாம் கரையோர நடைவழியில் இருந்த ஊர்கள், மாட்டுக்கும் மனிதனுக்கும் தண்ணீர் கிடைத்ததே அந்த ஆற்றால் வந்த பயன்.