புதுப்பிப்பு: எபாக்ஸியிலிருந்து உரிந்து வந்த கெவ்லார் துணி – காரணம் தெரிந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கயாக் படகின் அடிப்பகுதியில் எபாக்ஸி ரெசினுடன் (இறுகி ஒட்டும் பிசின்) போட்ட, சதுர மீட்டருக்கு 170 கிராம் எடையுள்ள கெவ்லார் துணி, இறுகிய பிறகும் கையாலேயே உரிந்து வந்தது. உரிந்த இழையில் துளி ரெசின்கூட இல்லை. ரெசினில் நெசவின் அச்சு மட்டும் பளபளவென்று இருந்தது.

முதலில் ஈரம் என்று நினைத்தோம். அராமிட் (கெவ்லாரின் இழை வகை) காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். 105 டிகிரி ஓவனில் 4 மணி நேரம் வைத்ததில் 200 கிராம் துணி 191 ஆனது. அதன்பின் குமிழிகள் போயின, உரிவது நிற்கவில்லை. இழையையும் ரெசினையும் இணைக்கும் சிலேன் பூச்சு பூசலாம் என்ற யோசனை இங்கே எடுபடாது: அது பிடித்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதி கண்ணாடி இழையில் உண்டு, அராமிடில் அப்படி இல்லை.

விடை தந்தது "துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்" என்ற பதில். சொட்டு முத்தாக உருண்டு நின்றது. குண்டு துளைக்காத உடைக்கான துணி அது, நீர் ஒட்டாத ஃப்ளோரோகார்பன் பூச்சுடன் வந்தது. அசிட்டோனில் இரண்டு முறை அலசியும் போகவில்லை.

நெசவு எண்ணெய் நீக்கிய, பூச்சில்லாத துணி வாங்கி, அதே ரெசின், அதே உலர்த்தல். 25 மி.மீ. பட்டையைக் குறடால் இழுத்தால் இப்போது ரெசின் இழையோடு கிழிந்து வருகிறது.

எதிர்பாராத ஒன்று: அடுத்த அடுக்குக்காகத் தேய்த்தால் அராமிட் பஞ்சுபோல் எழும்புகிறது. தேய்க்காதீர்கள், இறுகும் முன்பே மேலே பீல் பிளை என்ற, ரெசினோடு நிரந்தரமாக ஒட்டாத துணியைப் போட்டு, பிறகு உரித்தெடுங்கள்.