பழைய காருக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயின்ட்: பட்டி ஓரம் சுருங்குது, முன்னால குழி விழுது, உதவி வேண்டும்

பழையவண்டி:
வணக்கம். 1960-களில் வந்த நாலு கதவு கார். ஷெட்டில் வைத்து நானே பெயின்ட் அடிக்கிறேன். இதற்கு முன் ஸ்ப்ரே கன் பிடித்த பழக்கம் இல்லை, அதனால் பானெட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். பழைய பெயின்டை முழுக்க உரிக்கவில்லை. ஒடுக்கு இருந்த இடங்களில் மட்டும் தகரம் தெரியத் தேய்த்து, பட்டி பார்த்து, சுற்றி ஓரத்தைச் சரிவாக இறக்கி, 320 பேப்பரில் முடித்துவிட்டு 2கே ப்ரைமர் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) அடித்தேன்.

ப்ரைமர் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பட்டியையும் சுற்றி ஒரு வளையம் சுருங்கித் தூக்கிக்கொண்டது. பட்டியின் மேல் ஒன்றும் இல்லை, பழைய பெயின்டின் மேலும் இல்லை, இரண்டும் சேரும் ஓரத்தில் மட்டும். முன்பக்க விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டக் குழிகள். மீதி இடமெல்லாம் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம்.

கம்ப்ரெஸர் 2 எச்.பி., 24 லிட்டர் டேங்க். கன் எச்.வி.எல்.பி. (நிறைய காற்று, குறைந்த ப்ரெஷர்), நாசில் 1.3 மி.மீ. அடிப்பதற்கு முன் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். இதற்கு மேலேயே இன்னும் இரண்டு கோட் அடித்து மூடிவிடலாமா?

கன்பிடி:
மூடாதீங்க. மேல அடிக்க அடிக்க இன்னும் தூக்கும்.

ஆரஞ்சுத் தோலுக்கு மட்டும் சொல்றேன், மத்ததுக்குப் பெரியவங்க வருவாங்க. 1.3 நாசில் கலருக்கும், அதுக்கு மேல அடிக்கிற நிறமில்லாத க்ளியருக்கும். ப்ரைமர் கெட்டி, அதுக்கு 1.7 இல்ல 1.8 வேணும். அடுத்தது காத்து. எச்.வி.எல்.பி. கன்னு 10, 12 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு அத்தனை கன அடி காத்து) கேக்கும். உங்க கம்ப்ரெஸர் பெட்டியில 8-னு போட்டிருந்தாலும் நிஜமா வெளிய வர்றது 5, 6 தான். ட்ரிகர இழுத்த கொஞ்ச நேரத்துல ப்ரெஷர் இறங்கிடும், பெயின்ட் பொடியா உடையாம சொட்டு சொட்டா போய் உக்காரும். அதான் தோல். ட்ரிகர் இழுத்துப் பிடிச்சபடி கேஜைப் பாருங்க, சும்மா இருக்கும்போது காட்டுறதை நம்பாதீங்க. இதே கம்ப்ரெஸரோட ஓட்டணும்னா எல்.வி.எல்.பி. கன் வாங்குங்க, கம்மி காத்துல வேலை செய்யும். ஒரு பேனல் அடிச்சுட்டு டேங்க் நிறையற வரைக்கும் நில்லுங்க.

15-லேர்ந்து 20 சென்டிமீட்டர் தூரம். மணிக்கட்டைச் சுழட்டாம கையை மொத்தமா நகத்துங்க. ஒவ்வொரு வரியும் முந்தின வரி மேல பாதி ஏறணும்.

உப்புத்தாள்:
தம்பி, வளையமாகச் சுருங்கியது என்று சொன்னீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டி ஒரே பெயின்டோடு இத்தனை வருடம் நின்றிருக்காது, அடியில் பல அடுக்கு இருக்கும். மேல் அடுக்கு இறுகிப்போயிருப்பதால் தின்னரைத் தாங்குகிறது. நீங்கள் சரிவாகத் தேய்த்த இடத்தில் எல்லா அடுக்கின் வெட்டு விளிம்பும் வெளியே தெரியும். ப்ரைமரில் உள்ள தின்னர் அந்த விளிம்பு வழியாக உள்ளே போய் ஏதோ ஒரு அடுக்கை ஊதவைக்கிறது. கன்னை எப்படிப் பிடித்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

எந்த அடுக்கு என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னர் தொட்டு, சரிவின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். கரைந்து துணியில் நிறம் ஏறினால் லாக்கர். 1924 மாடல் ஓக்லாண்ட் என்ற அமெரிக்கக் கார்களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடிக்க ஆரம்பித்தார்கள். வேகமாகக் காய்கிறது என்பதால் கார் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அது காய்வது தின்னர் பறந்துபோவதால் மட்டும்தான், எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். கரையாமல் சுருங்கினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் 2கே, அல்லது சூளையில் சுட்ட பெயின்ட்.

வட்டக் குழி மீன் கண். எண்ணெயோ சிலிக்கானோ இருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகுகிறது. வண்டிக்குப் போடும் பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் உண்டு. பெட்ரோல் அதை எடுக்காது, பரப்பிவிடும், தானும் கொஞ்சம் பிசுக்கை விட்டுப்போகும். மெழுகு, கிரீஸ் எடுக்கும் க்ளீனர் தனியாகக் கிடைக்கும். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். இதைப் பேப்பர் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். தேய்த்த பிறகு செய்தால், சிலிக்கான் கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும்.

பழையவண்டி:
ரொம்ப நன்றி ஐயா. செய்து பார்த்தேன். மேலே உள்ள வெள்ளை அசையவில்லை. அதன் கீழே ஒரு மெரூன் அடுக்கு, அது அப்படியே சுருங்கிவிட்டது. அப்போ எனாமல்தானே?

இன்னொரு சந்தேகம். இப்போது தூசி மாஸ்க் போட்டுத்தான் அடித்தேன். 2கே-யில் வாடை அவ்வளவாக இல்லையே, போதும்தானே?

நிதானம்:
போதாது. அந்த மாஸ்கோடு இனி ட்ரிகரைத் தொடாதீர்கள்.

2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆபத்தான அளவு உள்ளே போகும்போதும் மூக்குக்குத் தெரியாது. நுரையீரலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும், அது போகவும் போகாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வாடை வந்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று மற்ற தின்னர்களுக்குத் தெரிந்துகொள்ளலாம், இதற்கு முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று கொடுக்கும் மாஸ்க்தான் சரி. தோல் வழியாகவும் ஏறும், கையுறை, முழு உடை, கண்ணுக்கு மூடி எல்லாம் வேண்டும். ஷெட் வீட்டோடு ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

சாதாரண டேபிள் ஃபேனை எக்ஸாஸ்ட்டாக வைக்காதீர்கள். மோட்டார் பொறி தின்னர் ஆவியைப் பற்றவைக்கும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், உலர்வாக வேண்டாம்.

என் கருத்து: உரிப்பது, பட்டி, எபாக்சி ப்ரைமர் வரை நீங்களே செய்யுங்கள். கலரும் க்ளியரும் பூத் (பெயின்ட் அடிக்கும் தனி அறை) வைத்திருப்பவரிடம் விடுங்கள். மொத்த வேலையில் பெரும் பங்கு தேய்ப்புதான், அது உங்களுடையதாகவே இருக்கும்.

கன்பிடி:
மாஸ்க் விஷயத்துல நிதானம் சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா பானெட்டை முழுசா உரிக்கணுமா? எபாக்சியை மெல்லிசா ரெண்டு தூவல் விட்டு, நல்லா காயவெச்சு மூடினா மெரூன் அடங்கிடாதா?

உப்புத்தாள்:
கதவுக்கு என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன், வெள்ளையை உடைக்காமல் இருந்தால். பானெட்டுக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து இன்ஜின் சூடு. இன்று அடங்கினாலும் கோடையில் அந்த வளையம் எட்டிப் பார்க்கும். ஏற்கெனவே தூக்கியும் விட்டது. உரித்துவிடுங்கள்.

ஸ்ட்ரிப்பர் (பெயின்டை உரிக்கும் மருந்து) போட்டால் மடிப்புக்குள் இறங்காமல் டேப் ஒட்டி, பிறகு துளி மிச்சமில்லாமல் கழுவுங்கள். தகரத்தை 80 பேப்பரில் கீறி, க்ளீனரால் துடைத்து, அன்றைக்கே எபாக்சி ப்ரைமர். வெறும் தகரத்தை ராத்திரி விட்டால் துரு பிடிக்கும். பட்டி அந்த எபாக்சி மேல். ஆசிட் எட்ச் ப்ரைமர் மேல் பட்டி வேண்டாம், சரியாக இறுகாது. பட்டியை உலர்வாகத் தேயுங்கள், அதில் டால்க் இருப்பதால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அப்புறம் கெட்டி ப்ரைமர், மேலே கறுப்பு தூவி, கட்டை வைத்து 400 பேப்பரில் தேயுங்கள். கறுப்பு மிச்சமிருக்கும் இடமெல்லாம் பள்ளம்.

பழையவண்டி:
சரி ஐயா, உரிக்கிறேன். கலருக்கு பூத் விசாரிக்கிறேன். இப்போது போட்டிருக்கும் பட்டியை விட்டுவிட்டு, சுற்றி மட்டும் ஸ்ட்ரிப்பர் தடவலாமா?

உப்புத்தாள்:
வேண்டாம். ஸ்ட்ரிப்பர் பட்டியின் ஓரத்தை ஊறவைத்துவிடும், அடியில் சிக்கிய மருந்து பிறகு கொப்புளமாக வரும். பட்டியையும் சேர்த்து எடுங்கள்.