அக்சஸ் கொன்ட்ரோல்: நுழைவா, பெறுவழியா, அணுகலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் யார் எதைப் பார்க்கலாம், மாற்றலாம் என்று கட்டுப்படுத்துவதுதான் 'அக்சஸ் கொன்ட்ரோல்'. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழு விவாதத்தில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நுழைவுக் கட்டுப்பாடு, பெறுவழிக் கட்டுப்பாடு, அணுகல் கட்டுப்பாடு. என் வாக்கு மூன்றாவதற்கு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த 19ஆம் நூற்றாண்டு தொட்டு எங்கள் பக்கத்தில் நடக்கிற கலைச்சொல் சண்டைதான் இது. ஆகவே ஒரு மடலில் முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் 'நுழைவு'. கேட்டவுடன் விளங்குகிறது என்று கோவை நண்பர் சொன்னது சரிதான். அலுவலக வாசலில் விரலை வைத்தால் கதவு திறக்கும் கருவிக்கு அது நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும். கணினிக்குள் வந்தால் நிலைமை வேறு. ஒரு பாடசாலை மாணவர் தேர்ச்சி அறிக்கைகளை இணையத்தில் போடுகிறது என்று வையுங்கள். ஒரு தாய் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து முறைப்படி உள்ளே போகிறார். பிள்ளையின் அறிக்கை திறக்கிறது. முகவரியின் கடைசியில் 1041 என்று ஓர் எண். அதை 1042 என்று மாற்றித் தட்டினால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளிகள் வருகின்றன. நுழைவில் பிழையே இல்லை. கடவுச்சொல் சரி, ஆளும் சரி. ஆனாலும் பாதுகாப்பு உடைந்துவிட்டது, ஏனென்றால் 'இந்த அறிக்கையை இவர் பார்க்கலாமா' என்று உள்ளே எவரும் கேட்கவில்லை. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் முதலிடம் கொடுத்தது இந்த வகைக் குறைக்குத்தான். சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1975இலேயே எழுதிவைத்தார்கள்: ஒவ்வொரு பொருளையும் தொடுகிற ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். வாசலில் ஒரு தடவை பார்த்தால் போதாது என்பதுதானே அதன் அர்த்தம்? அப்படியிருக்க, வாசலையே பெயராக வைத்தால் படிக்கிற பிள்ளைக்குப் பாடம் தலைகீழாகப் போகும்.

சோதிப்பது என்றால் எதை? யார், எந்தப் பொருளை, என்ன செய்யலாம் என்ற மூன்றையும் சேர்த்து. கணினி அறிஞர் பட்லர் லாம்ப்சன் 1971இல் இதை ஓர் அட்டவணையாக்கிக் காட்டினார்: நிரைகளில் (குறுக்கு வரிசைகளில்) ஆட்கள், நிரல்களில் (நெடுக்கு வரிசைகளில்) பொருட்கள், கட்டங்களில் உரிமைகள். இந்த மூன்றும் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதில்லை. பங்குக் கிணறு உள்ள காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) பாருங்கள், 'கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்' என்று சேர்த்தே எழுதியிருக்கும். இன்னாருக்கு இந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை, அதற்குப் போய்வர வழி, தண்ணீர் பாய வாய்க்கால். அந்த வழியில் நடக்கிறார் என்பதற்காகப் பக்கத்துக் காணித் தேங்காயைப் பொறுக்க முடியாது.

உறுதியில் இதற்கு வரும் சொல் 'உரித்து'. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் 'அணுகுரித்து' என்று வைத்தால் தமிழ்நாட்டு நண்பர்கள் வெங்காயத்தை நினைப்பார்கள் என்பதால் மனமில்லாமல் விட்டுவிடுகிறேன். 'அணுகுரிமை' போதும்.

'பெறுவழி'யை முன்வைத்தவர் ஆசிரியர், நான் மதிப்பவர். இலங்கைப் பாடநூல்களில் கணினியின் ராம் ('ரான்டம் அக்சஸ் மெமரி') நினைவகத்துக்குத் 'தற்போக்குப் பெறுவழி நினைவகம்' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் நாக்கில் ஒட்டியிருக்கிறது. என் சிக்கல் 'பெறு' என்ற வினையோடு. கோப்பைப் படிப்பது பெறுதல், சரி. அழிப்பது? இன்னொருவரின் புள்ளியை 48இலிருந்து 84ஆக்குவது? அங்கே எவரும் எதையும் பெறவில்லை, கொடுக்கிறார்கள், கெடுக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்புக்கு 750 என்று எண் கொடுத்தால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம், குழுவினர் படிக்கலாம், இயக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்த மூன்று செயலையும் தாங்குகிற வினை வேண்டும்.

அணுகல் என்றால் கிட்டப் போவது மட்டும்தானே, தொடுவதைச் சொல்லவில்லையே என்று ஓர் எதிர்ப்பு வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் நல்ல அமைப்புகள் கிட்டப் போவதையும் சேர்த்தே தடுக்கின்றன. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் ஆக்கங்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் மற்றவருடைய தனிக் களஞ்சியத்தின் முகவரியைத் தட்டினால் 'அனுமதி இல்லை' என்று வராது, '404, அப்படி ஒன்று இல்லை' என்றே வரும். இருக்கிறது என்ற செய்தியைக்கூடக் கொடுக்கக் கூடாது என்பது எண்ணம்.

இன்னொரு வசதி, இந்த வேர் நன்றாகக் கிளைக்கிறது. அணுகுகிறவர் அணுகுநர், அணுகப்படுவது அணுகுபொருள், இடையில் அணுகுரிமை. ('அணுகுநர்' மனிதரைத்தான் குறிக்கும், பின்னணியில் ஓடுகிற கணினிச் செய்நிரலைக் குறிக்காது என்பீர்கள். 'அணுகி' என்று சுருக்கிப் பார்த்தேன், வினையெச்சத்தோடு மோதுகிறது.) ஒரு பொருளோடு சேர்த்து வைக்கும் பெயர்வரிசை, அதாவது லாம்ப்சன் அட்டவணையின் ஒரு நிரல், அணுகுரிமைப் பட்டியல். அட்டவணையின் நிரையை எடுத்து ஆளின் கையில் கொடுத்தால், அதிலுள்ள ஒவ்வோர் உரிமையும் ஆங்கிலத்தில் 'கேப்பபிலிட்டி'. அகராதியைப் பார்த்துத் 'திறன்' என்று எழுதிவிடாதீர்கள். அது கையில் இருக்கும் உரிமைச்சீட்டு.

இனி அணுகல் கட்டுப்பாட்டின் வகைகள். 'டிஸ்க்ரெஷனரி', 'மாண்டேட்டரி' என்ற பிரிவை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1983ஆம் ஆண்டு 'செம்மஞ்சள் நூல்' பரவலாக்கியது. முதலாவதில் கோப்பின் சொந்தக்காரர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். இரண்டாவதில் சொந்தக்காரரே நினைத்தாலும் முடியாது, நிறுவன விதி மேலே நிற்கும். இதைக் 'கட்டாய அணுகல் கட்டுப்பாடு' என்று எழுதியதைக் கண்டேன். கட்டாயப்படுத்தி அணுக வைப்பது போல ஒலிக்கிறது! 'வழி' என்ற ஒட்டைப் பிடித்தால் எல்லாம் ஒரு வரிசையில் வரும்: உரிமையாளர்வழி, விதிவழி, பொறுப்புவழி, பண்புவழி (ஆளின், பொருளின் பண்புகளைப் பார்த்து உரிமை கொடுப்பது). மூன்றாவது, பெரைலோ, கூன் என்ற ஆய்வாளர்கள் 1992இல் முன்வைத்தது. ஆளுக்கு அல்ல, அவர் வகிக்கும் பொறுப்புக்கு உரிமை. பாடசாலை அதிபர் மாறினால் புதியவருக்கு ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. பொறுப்பைக் குறிக்கும் 'ரோல்' என்பதற்கு 'வகிபாகம்' நல்ல ஈழத்து வழக்கு, ஆனால் 'வகிபாகவழி' வாயில் நுழையவில்லை.

'விதிவழி'யால் ஒரு நன்மையும் உண்டு. ஆங்கிலத்தில் 'மாக்' என்ற சுருக்கம் 'மாண்டேட்டரி அக்சஸ் கொன்ட்ரோல்' என்ற இதற்கும் வருகிறது, வலையட்டையின் முகவரிக்கும் வருகிறது, மாணவர்கள் குழம்புகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, அவசரமானது. இணையத்தளங்கள் காட்டும் 401, 403 என்ற இரண்டு பிழைச்செய்திகள் நம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கின்றன. 401இன் ஆங்கிலப் பெயர் 'அனுமதிக்கப்படாதவர்' என்று பொருள்படும்; உண்மையில் அது சொல்வது, நீங்கள் யார் என்று இன்னும் தெரியவில்லை என்பது. ஆளைத் தெரிந்தும் மறுப்பதற்கு வழமையாக வருவது 403. ஆங்கிலப் பெயரைப் பின்பற்றாமல் 401க்கு 'உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துங்கள்', 403க்கு 'இதற்கு உங்களுக்கு அணுகுரிமை இல்லை' என்று போடுவோம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்; இல்லையென்றால் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.