மணிலா அட்டையில் மேரி கியூரியைத் தவிர வேறு யாரைப் போடலாம்?

பிறை அம்மா:
வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அடுத்த வாரம் அறிவியல் வாரமாம், பெண் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி மணிலா அட்டை தயார் பண்ணி மூன்று நிமிடம் பேசவும் வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மேரி கியூரி. போன வருடம் இவள் அண்ணனும் மேரி கியூரிதான், அந்த அட்டை இன்னும் அலமாரி மேலேயே கிடக்கிறது, பெயரை மட்டும் மாற்றி ஒட்டு என்கிறார் வீட்டுக்காரர். அந்த அம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, 1903ல் இயற்பியல், 1911ல் வேதியியல் என்று இரண்டு நோபல் வாங்கியவர். ஆனால் ரேடியம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளை முழிக்கிறாள். கையில் எதையாவது எடுத்துக் காட்டிப் பேசுகிற மாதிரி, நம் பிழைப்புக்குக் கொஞ்சம் ஒட்டினவர் யாராவது உண்டா? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

செந்தூல் டீச்சர்:
அன்னா மணி, இந்திய வானிலை விஞ்ஞானி. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு வாங்கித் தரப் பார்த்தபோது, தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்டு வாங்கிய பிள்ளை. பின்னால் மழைமானி, காற்றுமானி, ஓசோன் அளக்கும் கருவி எல்லாம் இந்தியாவிலேயே செய்ய வழி பண்ணினார். தோட்டை மட்டும் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நான் இரண்டு பள்ளியில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் கிராணி:
நம் பிழைப்பு என்றால் செம்பனைதானே? அப்படியானால் முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. மலேசிய செம்பனை வாரியத்தில் இருந்தவர்.

விஷயம் இதுதான். செம்பனையில் டூரா என்பது கொட்டை ஓடு தடித்தது, பிசிபெரா ஓடே இல்லாதது, ஆனால் அதில் பெரும்பாலும் குலை தேறாது. இரண்டையும் சேர்த்தால் டெனெரா, ஓடு மெல்லிசு, சதை அதிகம், டூராவை விட எண்ணெய் சுமார் 30 விழுக்காடு கூட வரும். தோட்டத்தில் நடுவது டெனெராவைத்தான். ஆனால் நாற்றைப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும், நட்டு உரம் போட்டு மூன்று வருடம் காத்திருந்து பழத்தை வெட்டினால்தான் குட்டு வெளிப்படும். நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒருமுறை கலப்பட நாற்று வந்து சேர்ந்து, வரிசைக்கு வரிசை தடித்த ஓடாக வெட்டிப் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குள் துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தார், பாட்டு வாங்கியது நான். இந்த ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கிற மரபணுவை இவருடைய குழு கண்டுபிடித்து 2013ல் நேச்சர் இதழில் வெளியிட்டது. அதற்கப்புறம் நாற்றின் இலையில் ஒரு துணுக்கு கிள்ளிச் சோதித்தாலே போதும். பிள்ளையின் கையில் ஒரு பழத்தைக் கொடுத்து நடுவாக அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மிஸ்ஸி (ஓய்வு), கோலாலம்பூர்:
கிராணி ஐயா சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கட்சி வேறு. தங்கச்சி, உங்கள் அலமாரியில் தே தாரிக்குக் கலக்கும் டின் பால் இருக்கும். அதைத் திருப்பி, பச்சைக் குழந்தைக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வரிக்குப் பின்னால் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் இருக்கிறார்.

ஜமைக்காவில் பிறந்தவர். இன்றைக்குக் கானா எனப்படும் நாட்டில் வேலை பார்த்தபோது, கை கால் வீங்கி முடி செம்பட்டையாகிச் செத்துப்போகிற பிள்ளைகளைக் கண்டார். அந்த ஊர்த் தாய்மார்கள் அதைக் குவாஷியோர்கர் என்றார்கள், அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததுக்கு வருகிற நோய் என்று அர்த்தம். எங்கள் பாட்டி சவலை என்பாரே, அதே சங்கதி! தாய்ப்பால் நின்று வெறும் மக்காச்சோளக் கஞ்சியோடு போகிற பிள்ளை. 1935ல் லான்செட் இதழில் அந்த ஊர்ப் பெயரிலேயே எழுதினார்.

அடுத்த வருடம் மலாயாவுக்கு மாற்றினார்கள். இங்கே கைக்குழந்தைக்குச் சர்க்கரை போட்ட டின் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனார். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தே பேசினார், காலனி அரசாங்கத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு! அப்புறம் ஜப்பான்காரன் வந்து சாங்கி சிறை. போருக்குப் பின் உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவர். புட்டிப்பால் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் உலக நெறிமுறை வந்தது 1981ல், அவர் பேசி 42 வருடம் கழித்து.

எங்கள் அம்மா பால்மரம் சீவப் போகும்போது என் அண்ணனை ஆயா கொட்டகையில் விட்டுப் போவார். அங்கே கொடுத்தது டின் பால்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

தெலுக் பகாங் தம்பி:
டாக்டர் எப்படி விஞ்ஞானி ஆவார்? பேசாமல் மஸ்லான் ஒத்மானைப் போடுங்கள். சிரம்பானில் பிறந்தவர், நாட்டின் முதல் வானியற்பியலாளர், ஐ.நா. விண்வெளி அலுவலகத்துக்கே இயக்குநராக இருந்தவர். கோலாலம்பூரில் தேசியக் கோளரங்கம் வந்ததும் அவர் முயற்சியில்தான். அதன் நீலக் குவிமாடத்தை வரைந்தால் பாதி அட்டை நிறைந்துவிடும்.

மிஸ்ஸி (ஓய்வு), கோலாலம்பூர்:
தம்பி, காரணமே தெரியாத நோயைப் பார்த்து, தின்றது என்ன, தின்னாதது என்ன என்று கணக்கெடுத்து, பெரிய டாக்டர்கள் மறுத்தும் விடாமல் எழுதியவரை என்னவென்று சொல்வீர்கள்? மஸ்லானைப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பிறை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. டின்னைத் திருப்பிப் பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறது, இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை. மகளிடம் எல்லாரையும் சொன்னேன், அவள் செம்பனையைப் பிடித்துக்கொண்டாள், பழத்தை வகுப்பில் கத்தியால் அறுக்கலாம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டீச்சர் கத்திக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டிலேயே அறுத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி அட்டை மேலேயே வைத்து அறுத்திருக்கிறாள், ரவிகாதேவி பெயர் மேல் முழுக்க ஆரஞ்சு எண்ணெய். புது அட்டை வாங்கக் கிளம்புகிறேன்.