கியர் குமிழில் இருந்த சிவப்புப் பொத்தான்

கோல்ஃப்காரன், சாட்ஸ்வொர்த்:

வண்டிக்கு நைட்ரஸ் (என்ஜினுக்குக் கூடுதல் சக்தி தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) போட்டவர்கள், குறிப்பாகப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், உங்கள் கதையை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

வண்டி 1.8 சிட்டி கோல்ஃப், இங்கே தென்னாப்பிரிக்காவில் விற்ற பழைய ஃபோக்ஸ்வாகன். 50 குதிரைத்திறன் வெட் கிட், அதாவது வாயுவோடு கூடுதல் பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் வகை. டிக்கியில் பாட்டில், அடியில் குழாய், முன்னால் நாசில் என்று எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஆனால் எப்போது தெளிக்க வேண்டும் என்பதைப் பற்றி அரை மணிநேரம்கூட யோசிக்கவில்லை. கியர் குமிழில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் வரும், விட்டால் நிற்கும். ரொம்ப அழகாக இருந்தது, அது வேறு விஷயம்.

டிராக்கில் மூன்றாவது ஓட்டம். மூன்றாம் கியருக்குப் போன கை அவசரத்தில் ஐந்தாவதைப் போட்டுவிட்டது. ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தடாலென்று இறங்கியதைக் கவனிக்கும் முன்பே கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. பானட்டுக்குள் ஒரு சரவெடி. திறந்து பார்த்தால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி கிளிப்போடு பிய்ந்து கிடக்கிறது, ரப்பர் குழாய் நீளவாக்கில் கிழிந்திருக்கிறது. என்ஜின் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் கணக்கு புரிந்தது. சொலினாய்டு, அதாவது கரண்ட் வந்தால் திறக்கும் வால்வு, திறந்தால் ஒரு நொடிக்கு வரும் வாயு ஏறக்குறைய ஒரே அளவுதான், என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா வேகமாகச் சுற்றுகிறதா என்று அது பார்ப்பதில்லை. 6,000 ஆர்.பி.எம்.-ல் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் 2,000-ல் போய் விழும். பந்தியில் சாம்பார் வாளியைச் சாய்த்தபடியே நடப்பவன் மெதுவாக நடந்தால் இலையெல்லாம் வழியுமே, அதே கதை.

இப்போது பொத்தான் கிடையாது. த்ராட்டில் (என்ஜினுக்குக் காற்று விடும் கதவு) முழுசாகத் திறந்தால் மட்டும் தொடும் இடத்தில் ஒரு மைக்ரோ சுவிட்ச். அதோடு தொடராக ஒரு விண்டோ சுவிட்ச், ஆர்.பி.எம். இரண்டு எல்லைகளுக்கு நடுவில் இருந்தால் மட்டும் கரண்டை விடும்; 3,200-க்கு மேல்தான் விடும். மேல் எல்லையை லிமிட்டருக்கு (என்ஜின் அளவு மீறிச் சுற்றாமல் தடுப்பது) 300 கீழே வைத்திருக்கிறேன். இந்த மேல் எல்லையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லிமிட்டர் என்ஜினின் சொந்தப் பெட்ரோலை வெட்டும், கிட் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும். கலவை கெட்டுப்போய் மறுபடியும் சரவெடிதான்.

ஃபீனிக்ஸ் டாஸ்:

அண்ணா, உங்களுக்குப் பெட்டி மூடியோடு போயிற்று. எங்கள் மாமா பையனுக்கு உயிரே போய் வந்தது. அவனும் மைக்ரோ சுவிட்ச்தான் போட்டான், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல். சொலினாய்டுக்குப் போகும் கரண்ட் மொத்தமும் அந்தக் குட்டி சுவிட்ச் வழியாகவே போயிற்று. நாலைந்து வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் டிராக் முடிவில் காலை எடுக்கிறான், வண்டி இழுப்பதை நிறுத்தவில்லை. நல்லவேளையாக டாஷ்போர்டில் ஆர்மிங் சுவிட்ச், அதாவது கிட் முழுவதற்குமான மெயின் சுவிட்ச், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தட்டி அணைத்தான்.

அந்த மைக்ரோ சுவிட்சைக் கத்தியால் பிளந்து பார்த்தோம். உள்ளே இரண்டு காண்டாக்ட்டும் உருகி ஒட்டி, அரிசி நொய் அளவுக்கு ஒரு மணியாக இருந்தன. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. மலிவாகக் கிடைக்கும் ரிலேயை மிச்சம் பிடித்ததன் பலன். ரிலே போட்டால் மைக்ரோ சுவிட்ச் சின்ன கரண்டை மட்டும்தான் சுமக்கும்.

இன்னொன்று. ஆர்மிங் சுவிட்சுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள், சாவி போட்டால் மட்டும் வரும் லைனில் எடுங்கள். நின்றுகொண்டிருக்கும் என்ஜினுக்குள் வாயுவும் பெட்ரோலும் நிரம்பிய பிறகு ஸ்டார்ட் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிட்ராண்ட் மல்டிமீட்டர்:

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தவன், ஆட்டோ எலக்ட்ரீஷியன். கோல்ஃப்காரன் சொன்ன மைக்ரோ சுவிட்ச், பெடல் கேபிளால் த்ராட்டிலை இழுக்கும் வண்டிக்குச் சரி. என்னிடம் வந்தது கேபிளே இல்லாத, எலக்ட்ரானிக் த்ராட்டில் வைத்த போலோ. அதில் பெடலில் சுவிட்ச் வைப்பது தப்பு. நீங்கள் காலால் கேட்பது ஒன்று, கம்ப்யூட்டர் கொடுப்பது வேறு. சக்கரம் வழுக்கினால் டிராக்ஷன் கன்ட்ரோல் த்ராட்டிலை மூடிவிடும், உங்கள் கால் மட்டும் தரையில் இருக்கும். மூடிய கதவில் நைட்ரஸ் போய் முட்டும். அதனால் சிக்னலை த்ராட்டில் பாடியின் சென்சாரிலிருந்தே எடுக்க வேண்டும்.

எடுத்தேன். இங்கேதான் நானே மாட்டிக்கொண்டேன். அந்த த்ராட்டில் பாடியில் சென்சார் இரண்டு: ஒன்றின் வோல்ட் திறக்கத் திறக்க ஏறும், மற்றதில் இறங்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் கம்ப்யூட்டர் நம்பும். நான் கைக்கு வந்த வயரில் ஒட்டினேன்.

ஒரு பழக்கம் என்னைக் காப்பாற்றியது. பாட்டில் வால்வை மூடிவிட்டு, சொலினாய்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டிப் பார்ப்பேன். முதலில் விண்டோ சுவிட்சைச் சேர்க்காமல் வயரிங் மட்டும் சோதனை. சாவி போட்டதும், பெடலைத் தொடாமலே, பல்பு பளிச்சென்று எரிந்தது. பெடலை முழுசாக அமுக்கினால் அணைந்தது! இப்படியே ஓட்டியிருந்தால் 5,000-ல் காலை எடுத்தவுடன் தெளித்திருக்கும். வயர் மாற்றி, மல்டிமீட்டரில் இரண்டு முனையும் அளந்து, ஏறும் சென்சாரில் முழுத் திறப்புக்குக் கொஞ்சம் கீழே ஆன் ஆகும்படி வைத்தேன்.

சரி, நேரம் சரியாக அமைந்தாலும் அளவு மாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். டர்பனில் 30 டிகிரியில் பாட்டில் அழுத்தம் 60 பாருக்கு மேல். இங்கே குளிர்காலமான ஜூலைக் காலையில், ஜொஹானஸ்பர்க் பக்கத்து டார்ல்டன் டிராக்கில் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் அது 31 பார்தான். சொலினாய்டு சரியாகத் திறக்கும், வாயு குறைவாகத்தான் வரும், பெட்ரோல் மட்டும் முழுசாக வரும். கறுப்புப் புகை. பாட்டில் ஹீட்டர் போட்ட பிறகுதான் கேஜ் 60-ஐத் தொட்டது.

கோல்ஃப்காரன், சாட்ஸ்வொர்த்:

பல்பு யோசனை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு ஏர் பெட்டி மிச்சம். தம்பி ஃபீனிக்ஸ், அந்த ஒட்டிப்போன சுவிட்ச் இன்னும் இருக்கிறதா? சனிக்கிழமை கொண்டு வா. என் ரிலேயும் பழசு, ஒரு மணிக்குக் கடை மூடும் முன் புதிசு வாங்கிவிடலாம். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) என் செலவு.